ஈரச் சாக்கு

புதூர்நாட்டைத் தாண்டி, ஜீப் மூச்சிரைக்க ஏறி நின்ற அந்த மேட்டில் மட்டும்தான் போனில் மூன்று கோடுகள் தெரிந்தன. அதனால் அந்த வருடத்து முதல் பலாப்பழத்தை அங்கேயே அறுப்பது என்று முடிவாயிற்று. வக்காரின் குடும்பம் வாணியம்பாடியிலிருந்து மலையேறி வந்து பலா மரங்களைக் குத்தகைக்கு எடுப்பது பல வருடப் பழக்கம். லாரியில் ஒரு பழம் ஏறுவதற்கு முன்னால், முதல் பழத்தை வண்டியின் பானட் மேலேயே வைத்துப் பிளந்து, வீட்டாரும் மரத்துக்காரரும் நின்றபடியே தின்ன வேண்டும். வீட்டுக்குப் புதிதாக மருமகள் வந்திருந்தால் கத்தி அவள் கைக்குப் போகும். இந்த வருடம் அது வக்காரின் மனைவி அதீபா. அவள் வலது கையில் தேங்காய் எண்ணெய் தடவிய கத்தி இருந்தது. இடது கை பானட் மேல் திறந்து வைத்த லேப்டாப்பை விட்டு நகர மறுத்தது.

"மொதல்ல பழமா, மொதல்ல பொட்டியா, சொல்லிடு கண்ணு. வெயில் ஏறுது" என்றாள் மாமியார் ஜெய்புன்னிசா. ஜீப்பின் பின் சீட்டில் கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"ஒரு அரை மணி நேரம் மாமி. கரண்ட்ட கட் பண்ணப் போறாங்க."

"எங்க?"

"சென்னைல. எங்க பில்டிங்ல."

"கரண்ட் போறதப் பாக்கறதுக்கா இந்த மலை மேல நிக்கறோம்? நம்ம வூட்ல தினம் போவுதே, அத வந்து பாக்கக் கூடாது?" என்று மரத்துக்காரர் வேடியப்பன் சிரித்தார். ஜீப்பும் அவருடையதுதான். புளியும் பலாவும் சாமையும் போக மீதி நேரத்தில் ஆட்களை ஏற்றி இறக்குவார்.

அதீபாவும் சிரித்தாள். ஆனால் கண் திரையை விட்டு நகரவில்லை. அவள் சொன்ன பில்டிங், சென்னைக்கு வெளியே ஒரு பெரிய கம்பெனிக்காகக் கட்டி முடித்த டேட்டா சென்டர். அதைக் குளிர்விக்கும் ஏற்பாட்டைத் திட்டமிட்ட எஞ்சினியர்களில் அதீபாவும் ஒருத்தி. உலகத்தில் யாரோ அனுப்பும் போட்டோவும், யாரோ கேட்கும் கேள்வியும் கடைசியில் இப்படியொரு கட்டடத்துக்குள்தான் வந்து சேர்கின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குப் புல்லரிக்கும். அந்தக் கட்டடத்துக்குள் இன்னும் ஒரு கம்ப்யூட்டர்கூட வரவில்லை. அவை வரும் இடங்களிலெல்லாம் ஆளுயர ஹீட்டர்களை வரிசையாக நிறுத்தி எரியவிட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டர்கள் வந்தால் எவ்வளவு சூடு கக்குமோ அவ்வளவு சூட்டை ஹீட்டர்கள் கக்கும். அந்தச் சூட்டைக் கட்டடம் தாங்குகிறதா என்று வாங்கப்போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். மாப்பிள்ளை வருவதற்கு முன்னால் பந்தல் மேல் ஆட்களை ஏற்றிக் குதிக்கவிட்டுப் பார்ப்பது போல, என்று வக்காரிடம் ஒருமுறை சொல்லியிருந்தாள்.

சோதனையிலேயே கடினமானது இன்றைக்கு. வெளிமின்சாரத்தை ஒரேயடியாக வெட்டிவிடுவார்கள். அந்த நொடியே பேட்டரிகள் தாங்கிக்கொள்ளும். பத்துப் பதினைந்து நொடியில் டீசல் ஜெனரேட்டர்கள் உறுமி எழும். அதுவரை சரி. ஆனால் தண்ணீரைக் குளிர்விக்கும் ராட்சச இயந்திரங்கள் நின்று போனால் மறுபடி எழுந்து முழு வேகம் பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். ஹீட்டர்களோ காத்திருக்காது. அந்தச் சில நிமிடத்துக்காகத்தான், முன்கூட்டியே குளிர்வித்த தண்ணீரை நிரப்பி வைக்கும் பெரிய தொட்டி ஒன்று வேண்டும் என்று அதீபா அடம்பிடித்தாள். இடத்தை அடைக்கும் வேண்டாத வேலை என்றார்கள். தலைமை எஞ்சினியர் கோபால்சாமி மட்டும் கடைசியில், "கட்டுவோம். ஆனா அது உன் பேர்லதான் நிக்கும்மா" என்றார். அறையின் சூடு முப்பத்திரண்டு டிகிரியைத் தொட்டுவிட்டால் வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போட மாட்டார்கள். அடுத்து எழும் இரண்டு கட்டடங்களிலும் அவள் தொட்டி இருக்காது. சோதனை புதன்கிழமை என்று இருந்ததை நேற்று திடீரென்று இன்றைக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குள் அவள் மலைக்கு வந்தாயிற்று.

"நேத்துலேருந்து தண்ணித் தொட்டி, சண்டன்னு பொலம்புறியே, எந்தத் தண்ணி?" ஜெய்புன்னிசாவின் விசிறி நின்றது. "ஊரு குடிக்கற தண்ணியா?"

"இல்ல மாமி. ஊர்ச் சாக்கடைத் தண்ணியச் சுத்தம் பண்ணித்தான் தர்றாங்க."

"பாத்துக்க. பாலாறு ஓடுனதப் பாத்தவ நான். கடைசில அது இன்னாவா ஆச்சுன்னும் பாத்தேன்." விசிறி மறுபடி அசைந்தது. உறவுக்காரர்களிடம் அவள் இதுவரை, 'மருமவ ஏசி கம்பெனில இருக்கா' என்று மட்டும் சொல்லி வந்தாள். அதற்கு மேல் கேட்டவர்களுக்கு அவளுக்கே பதில் தெரியாது.

லேப்டாப்புக்கு இன்டர்நெட் கொடுத்தபடி பக்கத்தில் கிடந்த போனில் கோபால்சாமியின் குரல் வந்தது. "அதீபா, இருக்கியாம்மா? கஸ்டமர் எல்லாம் வந்தாச்சு. கட் பண்றோம்."

"இருக்கேன் சார்."

லேப்டாப் திரையில் அறையின் சூட்டைக் காட்டும் ஒரு நீலக்கோடு இருபத்து நாலு டிகிரியில் நீட்டிப் படுத்திருந்தது. வக்கார் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான். கோபால்சாமி மூன்றிலிருந்து கீழே எண்ணினார். போனுக்குள் ஏதோ ஒரு பெரிய மூச்சு நின்றது போல ஓர் அமைதி. அதற்குப் பிறகு, எங்கோ தொலைவில் யானைக் கூட்டம் எழுந்து வருவது போல ஜெனரேட்டர்களின் உறுமல்.

"வந்துட்டாங்க! வந்துட்டாங்கய்யா!" வேடியப்பனுக்குத் தன் ஜீப்பே உறுமியது போலக் குஷி.

"இனிமேதான்ணே இருக்கு" என்றாள் அதீபா. நீலக்கோடு தலைதூக்கியது. இருபத்தைந்து. இருபத்தாறு. குளிர் இயந்திரங்கள் இன்னும் எழவில்லை. இப்போது அறைக்குள் ஓடுவது அவள் தொட்டியின் தண்ணீர் மட்டும்தான். இருபத்தெட்டைத் தாண்டும்போது வக்காரின் விரல்கள் அவள் தோளை அழுத்தின. அவன் கையில் பலாப்பிசின் இருந்தது. துப்பட்டாவோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

அப்போது கோடு நின்றது. நடுவழியில், அறுந்த நூல் போல. கோபால்சாமியின் குரலும் போய்விட்டது.

"சார்? சார்?" போனை எடுத்தவள், "ஆ" என்று கையை உதறினாள். தோசைக்கல்லாகச் சுட்டது. போனின் திரையில் ஒரே ஒரு வரி: சூடு அதிகமாகிவிட்டது, ஆறிய பிறகு பயன்படுத்தவும்.

மலையேறிக் கொதித்த எஞ்சின் கீழே. உச்சி வெயில் மேலே. நடுவில் கறுப்பு பானட். அதன் மேல்தான் இத்தனை நேரம் போனை வைத்திருந்தாள்.

ஜெய்புன்னிசா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கினாள். "யா அல்லாஹ்! ஊரு ஒலகத்துக் கம்ப்யூட்டருக்கெல்லாம் குளுரு காட்டறவ, சொந்த போன அடுப்பு மேல வெச்சிருக்கா பாரேன்!"

"மாமி, சிரிக்காதீங்க மாமி!" அதீபாவுக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. "உங்க போனக் குடுங்க" என்று கணவனிடம் கை நீட்டினாள். வக்கார் தன் போனைத் தூக்கிக் காட்டினான். அவன் சிம்முக்கு இந்த மேட்டில் ஒரு கோடும் இல்லை. வேடியப்பனுடையது பொத்தான் போன்.

ஜெய்புன்னிசா சீட்டிலிருந்து இறங்கினாள். ஜீப்பின் பக்கவாட்டில், ஈரச் சாக்கு சுற்றிய தண்ணீர் கேன் கட்டித் தொங்கியது. சாக்கின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இங்க கொண்டா" என்றாள்.

"தண்ணி பட்டுடும் மாமி!"

"எனக்குத் தெரியாதா? ரொட்டி வந்த கவர் இருக்குதே." போனைப் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு வாயை முறுக்கி, சாக்கோடு சேர்த்துப் பிடித்தாள். வக்கார் ஜீப்பின் தார்ப்பாயை உருவி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் விரித்து நிழல் பிடித்தான். வேடியப்பன் விசிறியை எடுத்துக்கொண்டு, கல்யாணப் பந்தியில் சம்பந்திக்கு விசிறுவது போலப் போனுக்கு விசிறினார்.

"காலைல ரொப்புனது. இன்னும் எப்பிடி ஜில்லுனு இருக்குது பாரு" என்றாள் ஜெய்புன்னிசா.

அதீபா அந்தக் கேனையே பார்த்தாள். வண்டி நின்றுவிட்டது, காற்று நின்றுவிட்டது, ஆனாலும் உள்ளே குளிர்ச்சி இருக்கிறது. அவள் மாமியாரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "மாமி, இதான்! நான் கட்டச் சொன்ன தொட்டி இதான். மெஷின் நின்னாலும், அது திரும்ப எழுந்துக்கற வரைக்கும் தாங்கிக்கறதுக்கு."

ஜெய்புன்னிசா கேனைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். "இதுக்கா வேணாம்னு சண்ட போட்டானுங்க?"

"ஆமா மாமி."

"பைத்தியக்காரனுங்க. இது இல்லாம எவனாச்சும் மலை ஏறுவானா?"

கவருக்குள் வெளிச்சம் வந்தது. போன் கண் விழித்தது. எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு லேப்டாப்பைப் பார்த்தார்கள். அறுந்த கோட்டுக்குப் பின் ஒரு வெற்றிடம். அதைத் தாண்டிச் சட்டென்று மேலே, முப்பதில் கோடு முளைத்தது. முப்பதும் கொஞ்சமும். கோடு இன்னும் ஒரு மயிரிழை ஏறியது. நின்றது. யோசிப்பது போல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, தலையைக் குனிந்தது.

"எறங்குது" என்றான் வக்கார், மிக மெதுவாக.

"எறங்குதா?" என்றாள் ஜெய்புன்னிசா.

"எறங்குதும்மா!"

வேடியப்பன் போட்ட விசிலில் கீழே எங்கோ ஒரு நாய் குரைத்தது. போன் மணி அடித்தது. கோபால்சாமி. அவர் பின்னால் யாரோ கைதட்டிக்கொண்டிருந்தார்கள். "எங்க போய்ட்டே அதீபா? பாத்தியா? முப்பத்தொண்ணக்கூடத் தொடல. உன் தொட்டி நின்னு விளையாடிச்சும்மா!"

"பாத்தேன் சார். கடைசியத்தான் பாத்தேன்."

"ஆனா ஒண்ணு. கஸ்டமர் இன்னொரு தடவை பாக்கணும்றாங்க. இந்த வாட்டி குளிர் மெஷின்ல ஒண்ண வேணும்னே ஆஃப்ல வெச்சிட்டு, அப்புறம் கரண்ட்ட வெட்டச் சொல்றாங்க. நம்ம ஒப்பந்தத்துல அது கிடையாது. முடியாதுன்னும் சொல்லலாம். நீ இன்னா சொல்றே?"

காலையில் இதைக் கேட்டிருந்தால் முடியாது என்றுதான் சொல்லியிருப்பாள். அவள் நிமிர்ந்து பார்த்தாள். தார்ப்பாயின் கீழ் வக்காரின் கைகள் வலியில் லேசாக ஆடின. ஆனாலும் அவன் கண்ணால், "ம்" என்றான். பானட் மேல் முதல் பழம் இன்னும் வெட்டுப்படாமல் முள்ளெல்லாம் சிலிர்க்க உட்கார்ந்திருந்தது.

"வெட்டுங்க சார்" என்றாள் அதீபா.

ஜெய்புன்னிசா அதற்குள் கேனின் மூடியைத் திறந்திருந்தாள். உள்ளங்கையில் தண்ணீரை ஏந்தி, காயத் தொடங்கியிருந்த சாக்கின் மேல் சுற்றிலும் தெளித்தாள். போனைக் கவரோடு அதில் சாய்த்தாள். வேடியப்பனின் கையிலிருந்து விசிறியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எண்ணச் சொல்லு அவர" என்றாள். விசிறி அவள் தோளுக்கு மேல் உயர்ந்து, காற்றை அள்ளத் தயாராக நின்றது.