நீல நூல் போட்ட செருப்பு

டாக்டர் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. புண்ணுக்குக் கட்டுப் போடுவது அங்கேதான். அந்த வேலையைப் பார்ப்பவரை எல்லோரும் கட்டுக்காரர் என்றே கூப்பிடுவார்கள். கை பஞ்சு மாதிரி என்று பேர் வாங்கியவர்.

சனிக்கிழமை காலை ஒரு தையல்காரர் மகள் தோளைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை மட்டும் ஊன்றி வந்தார். சர்க்கரை வியாதிக்காரர். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். வலது சுண்டுவிரலுக்குக் கீழே தோல் உரிந்து தொங்கியது.

"எதை மிதிச்சீங்க பாய்?"

"ரோட்டைத்தான் மிதிச்சேன். நேத்து ஜும்ஆ தொழுகை முடிஞ்சு வந்தா செருப்பைக் காணோம். நிழல்ல நின்னு நின்னு பாத்தேன். கடையில கல்யாணத் துணி கிடக்கு, ஆள் வந்துருவாங்களேன்னு வெறுங்காலோட நடந்துட்டேன்."

"கொதிக்கிற தாரு பாய். சுடலையா?"

"சர்க்கரைக் காலுக்கு ஏது தம்பி சூடு? மரத்துக் கிடக்கு. இவதான் 'என்ன வாப்பா, தரையெல்லாம் ஈரமா இருக்கு'ன்னா. பாத்தா கொப்புளம் உடைஞ்சிருக்கு."

மகளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "இன்னைக்குக் காலையில எங்க வீட்டுக்காரர் போய்ப் பாத்தா, செருப்பு வச்ச எடத்துலயே இருக்கு. திருடனா இருந்தாலும் ஏதோ இல்லாதவன்னு விட்டுரலாம். இது யாரோ ஜாலியா ஒரு சுத்து சுத்திட்டு வந்து போட்டுருக்கான்!"

பையிலிருந்து எடுத்துத் தரையில் போட்டாள். பழுப்புத் தோல் செருப்பு. வார் அறுந்த இடத்தில் நீல நூலால் தைத்திருந்தது.

கட்டுக்காரரின் கை அப்படியே நின்றுவிட்டது.

நேற்று பள்ளிவாசலில் பயான் பிரசங்கமே இந்த மாதிரிச் சின்னத் தப்புகளைப் பற்றித்தான். சின்னப் பாவம் என்று எதையும் தள்ளாதீர்கள், சுள்ளி சுள்ளியாகச் சேர்ந்துதான் அடுப்பு எரிகிறது, அணுவளவு செய்தாலும் நாளைக்கு அது கண் முன்னால் வரும் என்றார் இமாம். கட்டுக்காரர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். தொழுகை முடிந்ததும் வெளியே ஒரு சத்தம், "யாருப்பா இந்த பைக்கு? வழியை மறிச்சுக்கிட்டு!" அவருடைய பைக்தான். அவருடைய செருப்பு எங்கேயோ கூட்டத்துக்கு அடியில். படியோரம் செருப்புகள் வெளிப்பக்கம் பார்த்து வரிசையாக இருந்தன. கிட்டே இருந்ததில் காலை விட்டார். ஒரு நிமிஷ வேலைதானே!

பைக்கை நகர்த்தினார். கூட்டாளி ஒருவன் டீ குடிக்கக் கூப்பிட்டான். டீ தீர்ந்தும் பேச்சு தீரவில்லை. திரும்பி வந்தபோது வாசல் காலி. கழற்றிப் போட்டுவிட்டு, தன்னுடையதை மாட்டிக்கொண்டு போனார். நீல நூலை அப்போதே கவனித்தார். எந்தக் கஞ்சனோ தைத்துத் தைத்துப் போடுகிறான் என்று சிரிப்புக்கூட வந்தது.

"என்ன தம்பி, ரொம்ப மோசமா இருக்கா?"

"இல்ல பாய்... சரியாயிரும்."

குனிந்து கட்டைச் சுற்ற ஆரம்பித்தார்.

ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றத் தையல்காரர் வந்தார். "உன் கை பட்டா வலியே தெரியல தம்பி."

"கத்தியால வெட்டுனாலும் உங்களுக்குத் தெரியாது வாப்பா. மரத்துப்போன காலுல்ல!" என்றாள் மகள்.

"சும்மா இருடி. ஒவ்வொரு தொழுகையிலயும் இந்தத் தம்பிக்காக அல்லாகிட்ட துஆ கேக்குறேன்."

கட்டுக்காரர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "செருப்பை எடுத்தவனை மன்னிச்சுட்டீங்களா பாய்?"

"வந்து கேட்டா யோசிக்கலாம். கேக்காதவனை மறுமையில பாத்துக்கறேன். அங்க எல்லாரும் வெறுங்காலுதான், அவனும் நடந்துதான் வரணும்."

மகள் சிரித்தாள். கட்டுக்காரரும் சிரித்து வைத்தார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். "இது ஒரு பாவமாங்க? திருப்பி வச்சுட்டீங்கல்ல?" என்றாள் அவள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்புறம் ஏன் சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே இருக்கீங்க?" என்றும் கேட்டாள்.

மறுவாரம் சுண்டுவிரல் கறுத்துவிட்டது. டாக்டர் வந்து பார்த்தார். "வியாழக்கிழமை எடுத்துரலாம். விட்டா காலுக்கே ஏறும். சின்ன விரல்தானே, பயப்படாதீங்க."

"மிஷினை மிதிக்கிற கால் டாக்டர்," என்றார் தையல்காரர். டாக்டர் போய்விட்டார்.

கட்டுக்காரர் ஸ்டூலை விட்டுத் தரையில் உட்கார்ந்தார். "பாய், அந்தச் செருப்பை நான்தான் போட்டுட்டுப் போனேன்."

மகள்தான் முதலில் பேசினாள். "நீங்களா? தெரிஞ்சுக்கிட்டேவா இத்தனை நாளும் கட்டுப் போட்டீங்க?"

"எதுக்கு எடுத்த?" என்றார் தையல்காரர்.

"பைக்கை நகர்த்த. வரிசையா, போட்டுக்க வாகா இருந்துச்சு..."

"அப்படித் திருப்பி வச்சது நான்தான். வயசானவங்க தடுமாறாம போட்டுக்கட்டுமேன்னு, கடைசியா உள்ள போறப்ப திருப்பி வச்சுட்டுப் போவேன்."

"மன்னிச்சுருங்க பாய். தெரியாம..."

"செருப்புப் போட்டது தெரியாம. வாயை மூடிக்கிட்டு என் துஆவை வாங்குனியே, அது? இதுல எதை மன்னிக்கணும்?"

கட்டுக்காரர் புதுக் கட்டுத் துணியைப் பிரித்தார்.

"இப்ப மனசு ஒத்துக்கல. மன்னிச்சேன்னு சும்மா சொன்னா அது எனக்குப் பாவம்." தையல்காரர் காலை நீட்டினார். "கட்டைப் போடு. வெள்ளிக்கிழமை என்னால வர முடியாது. நீ போவேல்ல, செருப்புகளைத் திருப்பி வை."

வியாழக்கிழமை விரலை எடுத்தார்கள். கண்ணாடி டம்ளரில் போட்டால் இடம் மிஞ்சும், அவ்வளவுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை கட்டுக்காரர் பைக்கை எடுக்காமல் பள்ளிவாசலுக்கு நடந்தே போய், குனிந்து ஒவ்வொரு ஜோடியாகத் திருப்பினார். "என்ன, செருப்புக் கடை வச்சாச்சா?" என்று ஒருவர் கேலி பண்ணிவிட்டு உள்ளே போனார். கடைசி ஆளாக இவர் போனார்.

தொழுகை முடிந்து வந்தபோது வெளியே ஹாரன் அலறியது. இளைஞன் ஒருவன் ஓடி வந்து, படியோரச் செருப்பில் காலை நுழைத்தான்.

"தம்பி, அது உன்னோடதா?"

"ஒரே நிமிஷம்ண்ணே, வண்டியை எடுத்து விட்டுட்டு வந்துர்றேன்."

"அதைக் கழட்டு. இந்தா, இதைப் போட்டுட்டுப் போ. இது என்னோடது."

அவன் போனவன் போனவன்தான். கட்டுக்காரர் நிழலில் நின்றார். கூட்டம் கலைந்தது. கிளினிக்கில் ஆட்கள் காத்திருப்பார்கள். இன்னும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, வெறுங்காலோடு ரோட்டில் இறங்கினார்.

அவர் கால் மரத்துப் போகவில்லை. வைத்த ஒவ்வொரு அடியும் தெரிந்தது.