முழு ரொட்டி

…பாதி ரொட்டிக்கு முக்கால் விலையா, இது எந்த ஊர் நியாயம், என்று கடை அலமாரியைப் பார்த்தபடி நின்றாள் தையல்காரி, எவ்வளவு தொளதொளவென்ற சட்டையையும் ஆளுக்குத் தக்கபடி பிடித்துத் தைத்துவிடுகிற கைதான், வாடகையைப் பிடித்துத் தைக்க முடியுமா, நாலு பேர் இருந்தபோது கொடுத்த அதே வாடகை, இல்லை, போன மாதம் அதையும் ஏற்றிவிட்டார்கள்… வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார், மகள் கல்யாணமாகிப் போனாள், மகன் வேலை என்று போனான், ஆள் குறையக் குறையச் செலவும் குறைய வேண்டாமோ, நாலு பேருக்கு எரிந்த விளக்குதான் ஒருத்திக்கும் எரிகிறது. தனிமரம் தோப்பாகாது என்பார்கள், தண்ணீர்க் கட்டணம் மட்டும் தோப்புக்கு உள்ளதுதான். "சின்ன வீடா பாத்துப் போயிடும்மா, அவ்ளோதானே" என்கிறாள் மகள், அவளுக்கென்ன, வீடு நிறைய ஆள், பெரிய பாக்கெட்டாக வாங்கி இரண்டே நாளில் காலி செய்கிறவர்கள், விலைவாசிகூடக் கூட்டத்தைக் கண்டால் கொஞ்சம் மரியாதை காட்டுகிறது. இங்கே முழுசாக வாங்கினால் பாதி பூசணம் பூத்துக் குப்பைக்குப் போகிறது, பாதி வாங்கினால் வயிறு எரிகிறது…

பக்கத்தில் ஒரு குரல், எதிர்வீட்டு லிஃப்ட் மெக்கானிக், அவரும் தனி ஆள், அதே அலமாரியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். "முழுசா ஒண்ணு வாங்கி ஆளுக்குப் பாதியா எடுத்துக்கலாமாங்க? எனக்கும் மிஞ்சிப் போயிடுது." நல்ல யோசனை, தலையை ஆட்டியிருந்தால் முடிந்தது, நாக்கில் சனி உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது… "இல்லைங்க, வீட்ல நாலு பேர் இருக்கோம், எங்களுக்கே பத்தாது." அவர் ஒரு நொடி அவளைப் பார்த்தார். "அப்படிங்களா, சரிங்க," என்று பாதி ரொட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சொன்ன பொய்க்குக் கட்டுப்பட்டு முழு ரொட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினாள், எந்த நாலு பேர், ஏன்டி அப்படிச் சொன்னாய், தனி ஆள் என்றால் இளக்காரமாகப் பார்ப்பார் என்றா, பரிதாபப்படுவார் என்றா, இல்லை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்றா… வாசலில் செருப்பைக் கழற்றினாள். ஒரே ஒரு ஜோடி. எதிர்க் கதவுக்கு வெளியேயும் ஒரு ஜோடி, அதற்குள் வந்துவிட்டார் போல. காலையிலும் மாலையிலும் இந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டுதானே அவர் போய்வருகிறார், அப்படியானால் தெரிந்துதான் கேட்டிருக்கிறார், தெரிந்துதான் சரிங்க என்றும் சொல்லியிருக்கிறார்… எதிர்க் கதவுக்கு உள்ளே அவர் தட்டு எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. சாவி உள்ளங்கையில்தான் இருந்தது, ஆனாலும் அதைப் பைக்குள் தேடுகிறவளைப் போல நின்றுகொண்டே இருந்தாள்.