சுவரோடு மடங்கும் பட்டறை

உலக மக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், ஆறடிக்கு நாலடி சாமான் அறை ஒன்றில், மனித வரலாற்றிலேயே முதன்முறையாக, முழுவதும் சுவரோடு மடங்கிக்கொள்ளும் இரும்புப் பட்டறை வரும் ஞாயிறு காலை திறந்து வைக்கப்படும்.

அறிவித்தவர் காப்பீட்டு அலுவலகத்தில் பாலிசிகளுக்கு முத்திரை குத்துகிறவர். கேட்ட உலக மக்கள் அவருடைய மனைவி ஒருத்திதான். அவளும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் கண்ணீருக்குக் காரணம் சொல்ல முடியாது.

"ஞாயித்துக்கிழமைன்னு நீங்கதான் சொல்றீங்க, ஞாபகம் இருக்கட்டும்" என்றாள். "எல்லாம் மடங்கி என் தையல் மெஷினுக்கு இடம் வந்தா, ரூமை ரெண்டு பேரும் வச்சுக்கலாம். வரலைன்னா ரூம் எனக்கு. உங்க இரும்பெல்லாம் பழைய இரும்புக்காரனுக்கு."

"நீ வேணா பாரேன். ரூமே காலியா இருக்கிற மாதிரி இருக்கும்."

"உங்க தலை மாதிரியா?"

திட்டம் என்னவோ நேர்த்தியானதுதான். சுவரில் கீல் வைத்து ஒரு இரும்பு மேசை. கீழே இறக்கினால் பட்டறை. மேலே தூக்கிக் கொக்கி போட்டால் வெறும் சுவர். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், துளை போடும் மெஷின், இரும்பு அறுக்கும் கட்டிங் மெஷின் மூன்றும் மேசை மேலேயே போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். மேசை நிமிரும்போது அவை சுவரில் குடைந்த பொந்துகளுக்குள் போய் அமர்ந்துகொள்ளும். வைஸுக்கான பொந்து சற்று ஆழமாகிவிட்டதில் பக்கத்துக் குளியலறையில் ஒரு டைல்ஸ் கழன்று விழுந்தது. காற்றோட்டம் என்று அதற்கும் விளக்கம் இருந்தது.

மேசையை இறக்கியபின் அதன் மடக்குக் கால்கள் கதவை முட்டிக்கொண்டு நிற்கும். உள்பக்கம் திறக்கும் கதவு அசையாது. இதையும் அவர் குறையாகக் கருதவில்லை. ஆராய்ச்சி நடக்கும் இடத்தில் கண்டவர்கள் நுழையக்கூடாது அல்லவா?

சனிக்கிழமை முன்னோட்டம் பார்க்க மைத்துனன் வந்தான். மடக்கு நாற்காலிகளை வாடகைக்கு விடுகிறவன். ஆகவே மடங்கும் பொருள்கள் குறித்து அவனுக்கு மேல் தெரிந்தவர் உலகில் யாரும் இல்லை. கீலிலும் மூட்டுகளிலும் பொட்டுப் பொட்டாகத்தான் வெல்டிங் வைத்திருந்தது. ஆனாலும் மேசை இறங்கியது, ஏறியது, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது. மனைவிக்கே வாய் பிளந்தது.

"பரவாயில்லையே! தையல் மெஷினை நாளைக்கே கொண்டு வந்து போட்டுடலாம்ங்க. ரூம் ரெண்டு பேருக்கும்தான், ஒத்துக்கறேன்."

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். மைத்துனன் மேசையை இறக்கி ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்தான்.

"மடங்குது மாமா. ஆனா ஆடுது."

"எங்கடா ஆடுது?"

"இதோ. என் நாற்காலி ஒண்ணாவது இப்படி ஆடிப் பார்த்திருக்கீங்களா?"

"உன் நாற்காலி எங்க ஆடுது? உட்கார்ந்தவன்தான் ஆடுறான்!"

"சரி சரி, கோவப்படாதீங்க. வீட்டு உபயோகத்துக்கு இது போதும்."

வீட்டு உபயோகம்! அவர் அப்போதே வெல்டிங் குச்சிகளை எண்ண ஆரம்பித்தார்.

"மடங்குதில்ல, விடுங்களேன்" என்று மனைவி சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

ஞாயிறு விடிந்ததும் ஜன்னலைத் திறந்துவைத்து, மேசையை இறக்கி, முகமூடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பொட்டு வைத்த இடமெல்லாம் பட்டையாக வெல்டிங் ஓடியது. மேசை அசையவே கூடாது என்ற வெறியில் கால்களின் மூட்டு, போல்ட்டுகளின் நட்டு, கடைசியாகக் கீல் என்று எதையும் விடவில்லை. முகமூடியைக் கழற்றி மேசையைப் பிடித்து ஆட்டினார். மலை அசைந்தாலும் அது அசையாது. பெருமிதத்தோடு மேலே தூக்கினார். அதற்கும் அசையவில்லை. உருகிய இரும்பு கீலுக்குள் ஓடி, உள்ளே இருந்த அச்சு ஊசியோடு ஒன்றாகிவிட்டிருந்தது.

மேசை மடங்காது. கால் மடங்காது. கதவு திறக்காது.

"என்னங்க, திறப்பு விழா எப்போ?" என்றாள் மனைவி வெளியிலிருந்து.

"கொஞ்சம் தாமதமாகும்."

விஷயம் வெளியே வர அரை மணி நேரம் ஆனது. அவர் வர இன்னும் நேரம் இருந்தது. மைத்துனன் ஓடிவந்து கதவைத் தோளால் இடித்தான். கதவு கம்மென்று இருந்தது, தோள்தான் கத்தியது.

"மாமா, கட்டிங் மெஷின் உள்ளதானே இருக்கு? காலை அறுத்துத் தள்ளுங்க!"

"அது மேசையோட இருக்குடா. அறுக்க வேண்டியதைத்தான் அதுக்கிட்ட கொண்டு போகணும்."

"போல்ட்டைக் கழட்டுங்க."

"நட்டையும் பத்த வச்சுட்டேன்."

மைத்துனன் தோளைத் தடவிக்கொண்டே சொன்னான், "ஆனா ஆடலை மாமா. சும்மா சொல்லக்கூடாது."

மனைவி பின்பக்கம் சுற்றி வந்து ஜன்னல் கம்பி வழியாக இரும்பறுக்கும் ஹாக்ஸா பிளேடு ஒன்றை நீட்டினாள். அதன் சட்டம் கம்பிக்குள் நுழையவில்லை. வெறும் பிளேடில் துணியைச் சுற்றிக்கொண்டு அவர் மேசைக்கடியில் தவழ்ந்து கால்களை அறுக்க ஆரம்பித்தார்.

"தண்ணி வேணுமா?"

"வேண்டாம்."

"அப்போ ஒரு உதவி பண்ணுங்க. எப்படியும் உள்ளதான் இருக்கீங்க." ஒரு டேப் கம்பிக்குள் நுழைந்தது. "அந்தச் சுவருக்கும் இந்தச் சுவருக்கும் எவ்வளவு இருக்குன்னு அளந்து சொல்லுங்க. மெஷினை இந்தப் பக்கம் போட்டா ஜன்னல் வெளிச்சம் நல்லா விழும்."

"நான் இன்னும் வெளியவே வரலை."

"அதனாலதான் கேக்கறேன். வந்துட்டா பேச்சு மாத்துவீங்க."

அவர் அளந்து சொன்னார். பிறகு அறுத்தார்.

சாயங்காலம் கால்கள் கழன்று கதவு ஒரு ஆள் அளவுக்குத் திறந்தது. இடத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது குறித்து இன்னொரு அறிவிப்பு அவர் வாயில் தயாராக இருந்தது. ஹாலில் பழைய இரும்புக்காரர் தராசோடு உட்கார்ந்திருந்தார்.

தையல் மெஷினைப் போட்ட பிறகும் அந்த அறையின் கதவு முழுதாகத் திறக்கிறது.