ஏழு மணி என்றால் ஏழு மணி

எங்கள் ஆட்களை நேரத்துக்கு ஓரிடத்துக்குக் கொண்டுவருவது எப்படி என்று என்னிடம் கேளுங்கள். கெனடி வீதியில் ஒரு பல் வைத்தியரிடம் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பதுதான் என் வேலை. தமிழ்ப் பெயரைக் கண்டால் பத்தரை மணியைப் பத்து மணி என்று சொல்வேன். அவர்களும் பத்து இருபத்தைந்துக்கு மூச்சு வாங்க வந்து, "பிள்ளை கௌசி, ஒரே டிராபிக்" என்பார்கள். நான் முகத்தைக் கொஞ்சம் சுருக்கிவிட்டு, போனால் போகிறது என்று உள்ளே விடுவேன். இந்தக் கணக்கு ஒரு நாளும் பிழைத்துப்போனதில்லை. அதனால்தான் அந்த ஓகஸ்ட் சனிக்கிழமை காலை எனக்கு நடந்ததை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

முதலில் போன வருடத்துக் கதையைச் சொல்லவேண்டும். எனக்கு மூன்று பிள்ளைகள். மிதுனனுக்கு இப்போது பதினாறு, சுபாங்கிக்குப் பத்து, அகரனுக்கு நாலு. இந்த மூன்றையும் ஒன்றாக வொண்டர்லான்ட் கேளிக்கைப் பூங்காவுக்குக் கொண்டுபோய் மூன்றையும் சிரிக்க வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மூத்தவன் கேற்றைத் தாண்டியதும் மாயமாகிவிடுவான். சின்னவன் சுற்றுகிற குதிரையில் ஏறினால் இறங்கமாட்டான், இறக்கினால் நிலத்தில் கிடந்து உருளுவான். இடையில் மாட்டுப்படுகிறவள் சுபாங்கி. பெரியவர்களோடு போகப் போனால் அவள் சின்னப்பிள்ளை. சின்னவர்களோடு நின்றால் அவள் பெரியக்கா. "பிள்ளை, தம்பியை ஒருக்காப் பார்" என்று யார் சொன்னாலும் பார்ப்பாள். மாட்டேன் என்று ஒரு சொல் அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

போன வருடம் மூன்று வீட்டுக்காரரும் சேர்ந்து பதினேழு பேர் போனோம். எங்களை ஏற்றிப்போக என் கணவர் கீதனின் தமையன் நவரட்ணம் அண்ணை பிக்கரிங்கிலிருந்து தன் வான் வண்டியில் வரவேண்டும். ஏழரைக்கு வருகிறேன் என்றவர் பத்தேகாலுக்கு வந்தார். பிறகு யூனியன்வில்லில் கீதனின் தங்கை மயூரி வீட்டில் இறங்கி எல்லோருக்கும் தேத்தண்ணி. உள்ளே போகப் பகல் ஒரு மணி. சுபாங்கி ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான், அந்தப் பெரிய மர ரோலர் கோஸ்ரர். அதற்கு முந்திய இரண்டு வருடமும் உயரம் காணாது என்று திரும்பி வந்தவள். போன வருடம் உயரம் வந்துவிட்டது. தகப்பனோடு இரண்டு மணித்தியாலம் வெயிலில் லைனில் நின்றாள். ஏறப்போகிற நேரத்தில் நவரட்ணம் அண்ணை போன் எடுத்தார். கோயிலில் திருவிழாவாம், சாமி வெளிவீதி வருவதற்குள் போகவேண்டுமாம், எல்லோரும் வானடியில் நிற்கிறார்களாம். கீதனுக்குத் தமையன் சொன்னால் மறுபேச்சில்லை. பிள்ளையின் கையைப் பிடித்து லைனை விட்டு வெளியே கூட்டி வந்துவிட்டார்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஒரு ஐஸ்கிரீமோடு முடிந்திருக்கும். வழி முழுக்க வான் ஜன்னலால் பார்த்துக்கொண்டு வந்தாள். படுக்கப் போகும்போது, "அம்மா, முன்னால பன்னிரண்டு பேர்தான் நிண்டவை" என்றாள். அவ்வளவுதான். அடுத்த வருடம் எப்படியும் ஏற்றுகிறேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

அதனால் இந்த வருடம் நாங்கள் ஐந்து பேர் மட்டும் போவதென்று முடிவு. காதும் காதும் வைத்த மாதிரி ரிக்கெற்றும் எடுத்தாயிற்று. அந்த வாரமே ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் கொத்துரொட்டி லைனில் நின்றுகொண்டு என் புருசன் தமையனிடம் உளறிவிட்டார். வீடு வருவதற்குள் வட்ஸப்பில் குழு தொடங்கியாயிற்று. மறுபடியும் பதினேழு பேர்.

"இஞ்சருங்கோ, உங்கட வாய்க்கு ஒரு பூட்டு வாங்கித் தரட்டோ?" என்றேன்.

"அண்ணையிட்டச் சொல்லாமல் போனால் அவர் கோவிப்பார் கௌசி."

"உங்கட மேள் சுபாங்கி கோவிக்கமாட்டாள் எண்டுதானே உங்களுக்கு இவ்வளவு துணிவு!"

அவர் மெல்லக் குளியலறைக்குள் புகுந்துகொண்டார். அங்கேயே நின்றிருந்தால் அன்றைக்கு ஒரு சண்டை நடந்திருக்கும்.

சரி, பதினேழு பேர் என்றால் பதினேழு பேர். இந்த முறை நான் சொல்வதுதான் சட்டம், சனி காலை ஏழு மணிக்கு எல்லோரும் எங்கள் வீட்டடியில் நிற்கவேண்டும் என்று குழுவில் எழுதினேன். வியாழன் இரவு ஒரு பெரிய தாளை மேசையில் விரித்தேன். வழக்கமாக நாங்கள் எங்கே போனாலும் வீடு வீடாகப் பிரிவோம், இல்லாவிட்டால் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் உயரத்தால் பிரித்தேன். சின்ன உயரம் எல்லாம் நவரட்ணம் அண்ணையோடும் அவர் மனைவி பேபி அக்காவோடும் குதிரைப் பக்கம். மிதுனனோடு பெரிய பிள்ளைகள், போன் எடுத்தால் எடுக்கவேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. நடு உயரம் என்னோடும் கீதனோடும். கேற் திறந்ததும் எங்கும் நிற்காமல் நேரே மர ரோலர் கோஸ்ரருக்கு. காலை பத்து மணிக்கு அங்கே லைன் இருக்காது. பதினொன்றுக்குப் பிறகு போனால் போன வருடத்துக் கதைதான்.

மிதுனன் தாளைப் பார்த்துவிட்டு, "அம்மா, திஸ் இஸ் லைக் ஆர்மி" என்றான். சிரித்தான்தான், ஆனால் ஒரு படமும் எடுத்துக்கொண்டான்.

சுபாங்கி மட்டும் என் பக்கத்தில் நின்று கேட்டாள். "எல்லாரும் ஏழு மணிக்கு வருவினமோ அம்மா?"

"ஏழு மணிக்கு ஆர் வருவினம்? ஏழு எண்டு சொன்னால்தான் எட்டரைக்கு வருவினம். எங்களுக்கு எட்டரை காணும்."

"பத்துக்கு வந்தால்?"

"வரமாட்டினம். நீ போய்ப் படு."

அவள் உடனே போகவில்லை. தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "உங்கட போனை ஒருக்காத் தாங்கோ" என்று வாங்கிக்கொண்டு தன் அறைக்குப் போனாள். ஏதோ விளையாடப் போகிறாள் என்று நான் நினைத்தேன்.

சனிக்கிழமை காலை ஆறு ஐம்பதுக்கு எங்கள் அப்பார்ட்மென்ற் பெல் அடித்தது. நான் வீட்டுச்சட்டையோடு, தலையில் துவாய் சுற்றிக்கொண்டு, கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றேன். அகரன் நித்திரை. மிதுனன் நித்திரை. கீதன் குளியலறையில் பாட்டு. யாரோ பிழையான வீட்டை அழுத்துகிறார்கள் என்று எடுத்தால், "கௌசி, நான் பேபி. கீழ நிக்கிறம், வாங்கோ" என்று குரல்.

பல்கனியால் எட்டிப் பார்த்தேன். கடவுளே! நவரட்ணம் அண்ணையின் வான். அதன் பின்னால் மயூரியின் வான். எல்லோரும் குளித்து, விபூதி பூசி, தொப்பி போட்டு, பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு வந்தது மாதிரி வரிசையில் நிற்கிறார்கள். நவரட்ணம் அண்ணை மேலே பார்த்துக் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். நவரட்ணம் அண்ணை! தன் சொந்தக் கலியாணத்துக்கே முகூர்த்தம் தவறிப் போனவர் என்று பேபி அக்கா சொல்லுகிற மனிதர்.

நான் பட்ட பாட்டைச் சொல்லிமாளாது. ஒரு கையால் சின்னவனுக்குக் காற்சட்டை, மறு கையால் பெரியவனின் போர்வையை இழுப்பு. "இஞ்சருங்கோ, பாட்டு நிப்பாட்டிப்போட்டு வெளியில வாங்கோ!" என்று கத்தினேன். கதவடியில் சுபாங்கி நின்றாள். சப்பாத்து போட்டு, லேஸ் இரட்டை முடிச்சுப் போட்டு, தண்ணீர்ப் போத்தலோடு. எப்போது எழும்பினாளோ தெரியாது.

நாங்கள் கீழே இறங்க ஏழு நாற்பது. பதினேழு பேரில் பிந்தி வந்தது நாங்கள்தான்.

"நாங்கள்தான் லேற் எண்டு பயந்து ஓடி வந்தம் கௌசி" என்றார் பேபி அக்கா. சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரியாதா? என் முகம் எங்கே போய் ஒளிவது என்று தேடியது. நான் நேரே போய் வானில் ஏறினேன்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அந்த நேரத்தில் நானூற்றொன்று நெடுஞ்சாலையில் ஈ காக்கை இல்லை. எட்டரைக்கு முன்பே போய்விட்டோம், கார் நிறுத்துகிற இடத்தின் கேற்றைக்கூட இன்னும் திறக்கவில்லை. சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று நான் போட்ட சட்டத்தைப் பேபி அக்கா மீறியிருந்தார். சனிக்கிழமை என்றபடியால் மரக்கறி ரோல்ஸ், இரண்டு பெரிய தட்டு. கொஞ்ச நேரத்தில் கேற்றைத் திறந்து உள்ளே விட்டதும் வானின் பின்கதவைத் திறந்து வைத்து எல்லோரும் நின்றபடி சாப்பிட்டோம். நானும் மூன்று சாப்பிட்டேன். கோபத்தில் பசி கூடும்.

நுழைவாசல் லைனில் எங்களுக்கு முன்னால் ஒரு குருவிகூட இல்லை. எங்களுக்குப் பின்னால் நூறு பேர், பிறகு இருநூறு, பிறகு கண்ணுக்கெட்டாத தூரம். பத்து மணிக்குத் திறந்தார்கள். என் தாளில் எழுதியபடி பேபி அக்கா சின்னவர்களைக் கோழிக்குஞ்சு மாதிரி ஒன்றுசேர்த்துக் குதிரைப் பக்கம் போனார். அகரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மிதுனனும் மற்றவர்களும் பறந்தார்கள். நாங்கள் நேரே ஓடினோம். சுபாங்கி முன்னால், அவளுக்குப் பின்னால் மயூரியின் இரண்டு பொடியன்மார், பிறகு கீதன், பிறகு நான் நாலு பையோடு. என் முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம். திரும்பினால் நவரட்ணம் அண்ணை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறார்.

"அண்ணை, உங்கட இடம் குதிரைப் பக்கமெல்லோ!"

"நான் வாக்குக் குடுத்தனான் கௌசி" என்றார். மூச்சு வாங்கியது.

"ஆருக்கு?"

"உன்ர மேளுக்கு." நின்று இரண்டு மூச்சு இழுத்தார். "வியாழக்கிழமை எனக்குப் போன் எடுத்தவள். உன்ர நம்பர் எண்டு எடுத்தால் அவள். பெரியப்பா, போன வருசம் உங்களாலதான் நான் லைனை விட்டு வந்தனான், முன்னால பன்னிரண்டு பேர்தான் நிண்டவை, எண்டாள். எனக்கு அது தெரியாது கௌசி, சத்தியமாத் தெரியாது. நான் கோயிலுக்குப் போற அவசரத்தில போன் எடுத்தனான். பிள்ளை லைனில நிண்டது எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

நான் கீதனைப் பார்த்தேன். கீதன் நிலத்தைப் பார்த்தார்.

"பிறகென்ன சொன்னாள்?"

"அம்மா ஏழு எண்டு சொன்னால் எட்டரை. நான் ஏழு எண்டு சொன்னால் ஏழு. அப்பிடிச் சொன்னாள். மயூரிக்கும் எடுத்துச் சொல்லியிருக்கிறாள். போன வருசம் பிந்தி வந்த குற்றத்துக்கு என்னோட ஏறவேணும் பெரியப்பா எண்டும் சொன்னாள். வேற என்ன செய்யிறது, ஓம் எண்டன்."

எனக்குக் கோபம் வந்தது, வெட்கம் வந்தது, சிரிப்பும் வந்தது. பதினொரு வருடமாக நான் கட்டிக்காத்த தொழில் ரகசியத்தை ஒரே போனில் அவிழ்த்துவிட்டாள். நான் தாளும் பேனையும் வைத்துக்கொண்டு, பொய் நேரம் சொல்லி, உயரம் அளந்து, என்னென்னவோ செய்தேன். என் பிள்ளை ஆளுக்கு நேரே கேட்டிருக்கிறாள். இந்தக் குடும்பத்தில் நவரட்ணம் அண்ணையிடம் முகத்துக்கு நேரே ஒன்றைக் கேட்டவர் இதுவரை ஒருவரும் இல்லை. கட்டி வந்த பேபி அக்கா கேட்கவில்லை, கூடப் பிறந்த கீதன் கேட்கவில்லை, வாய்க்காரி என்று பேர் வாங்கிய நானும் முதுகுக்குப் பின்னால்தான் திட்டினேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

லைனில் ஒருவரும் இல்லை. வாசலில் நின்ற பெண் அளவுகோலைப் பிடித்தாள், சுபாங்கி நிமிர்ந்து நின்றாள், அந்தப் பெண் சிரித்துக்கொண்டு உள்ளே காட்டினாள். முதல் வரிசையில் சுபாங்கியும் நவரட்ணம் அண்ணையும். அவர் தொப்பியைக் கழற்றி, தீ மிதிக்கப் போகிறவர் மாதிரி கண்ணை மூடிக் கும்பிட்டார். பின்னால் கீதனும் பொடியன்மாரும். நான் வழக்கம்போலப் பைகளோடு வெளியே வேலியடியில் நின்றேன். பதினாறு வருடமாக எங்கே போனாலும் பைகளுக்குக் காவல் நான்தான்.

வண்டி கடகடவென்று ஏறியது. உச்சியில் ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. பிறகு விழுந்தது. எத்தனையோ பேர் கத்தினார்கள். நவரட்ணம் அண்ணை "முருகா" என்று கத்தியது ஊருக்கே கேட்டது. அதையெல்லாம் கிழித்துக்கொண்டு ஒரு குரல் வந்தது. யாருடைய குரல் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. அந்தக் குரலை நான் அதற்கு முதல் கேட்டதே இல்லை. பத்து வருடமாக ஒரு சத்தமும் போடாத என் பிள்ளை, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்துகிறாள்.

"அது என்ர மேள்!" என்று நானும் கத்தினேன். பக்கத்தில் நின்ற சீனப் பெண்மணி திரும்பிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் தெரியுமா தெரியாதா என்று நான் யோசிக்கவில்லை. "அந்தா, முன்னுக்கு, அது என்ர மேள்!" என்று மறுபடியும் கத்தினேன். அவள் கை தட்டினாள்.

சுபாங்கி இறங்கி ஓடி வந்தாள். தலைமுடி நாலு பக்கமும் பறக்க, குரல் கரகரத்துப்போய், முகம் முழுக்கச் சிரிப்பு. நவரட்ணம் அண்ணை பின்னால் வேலியைப் பிடித்துப் பிடித்து வந்தார்.

"அம்மா, இன்னொருக்கா. இந்த முறை நீங்கள்."

"எனக்கோ? எனக்கு ஏலாது பிள்ளை. பையை ஆர் பாக்கிறது?"

"அம்மா, நான் கேக்கிறன்" என்றாள்.

நாலு பையையும் கீதனின் கையில் திணித்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பேசாமல் பிடியுங்கோ" என்றேன். பிறகு என் மகளோடு ஓடிப்போய் முன் வரிசையில் ஏறினேன்.