நாற்பத்து மூன்றாவது எண்

முதியோர் உதவி மையத்தில் காலை ஒன்பது மணிக்கு அவள் ஹெட்போனை மாட்டினால், நாற்பத்திரண்டு பேரை விசாரித்துவிட்டுத்தான் கழற்றுவாள். எல்லாரும் தனியாக இருக்கும் பெரியவர்கள். கேள்வி மூன்றுதான்: சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, எங்கயாவது விழுந்தீங்களா? கூடவே, குளியலறையில் கைப்பிடி வைக்கச் சொல்வாள், போனை எப்போதும் கையெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வாள். ஏழு வருடமாக ஒப்பித்து ஒப்பித்து வாய் தானாகவே பேசும். அவள் பாட்டுக்குச் சாயங்காலச் சமையலை யோசித்துக்கொண்டிருப்பாள்.

அம்மா போன பிறகு அவளுடைய அப்பாவும் தனியாகத்தான் இருந்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரையும் பட்டியலில் சேர்த்துவிடலாமே என்று மேலாளர் ஒருமுறை கேட்டார்.

"அவருக்குத்தான் நான் இருக்கேனே சார்," என்றாள், கொஞ்சம் ரோஷமாகவே.

இருந்தாள்தான். அப்பாவைப் போய்ப் பார்த்து இரண்டு மாதமாகியிருந்தது, போனில் பேசிப் பன்னிரண்டு நாள். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று தினமும் நினைத்தாள்.

அன்று ஒன்பதரைக்கு, போன மாதம் புது வீட்டுக்குக் குடிவந்து பட்டியலில் சேர்ந்த டீச்சரம்மா போனை எடுத்தார். சாப்பிட்டாயிற்று, மாத்திரை போட்டாயிற்று, விழவில்லை.

"ஒரே ஒரு தொந்தரவும்மா. மேல் வீட்டுல நேத்துலேருந்து குழாய் ஓடிக்கிட்டே இருக்கு. என் சுவரெல்லாம் ஊறிப்போச்சு. தட்டினா கதவையும் தொறக்க மாட்டேங்கறாரு."

குறித்துக்கொள்வதாகச் சொல்லி, நீர்க்கசிவு என்று எழுதினாள். அடுத்த எண்ணை அழுத்தினாள். அதற்கடுத்ததையும் அழுத்தினாள். மூன்றாவது ஆளிடம் மாத்திரையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே, புகாரை அனுப்ப டீச்சரம்மாவின் முகவரியைத் தேடி எடுத்தாள். கல்யாணம் ஆகும்வரை அவள் வாழ்ந்த கட்டடம் அது. மேல் வீடு அப்பாவுடையது.

உள்தாழ்ப்பாளை உடைத்துத்தான் போக முடிந்தது. குளியலறைத் தரையில், ஓடும் தண்ணீரில், இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். சுவரில் கைப்பிடி இல்லை. போன் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. உயிர் இருந்தது. அவள் எட்டிக் குழாயை மூடினாள்.

மருத்துவமனையில் மறுநாள்தான் அவருக்குப் பேச்சு வந்தது. குரல் எழும்பாததால் தான் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை என்றார். குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. வண்டி தாமதமானதைப் பயணிகளிடம் சொல்வது போலச் சொன்னார்.

"கீழ் வீட்டுல ஒன்பதரைக்கு போன் அடிக்கும்மா. மையத்துலேருந்து கூப்பிடறாங்கன்னு டீச்சரம்மா சொல்லியிருக்காங்க. நீதான்னு எனக்குத் தெரியும். விழுந்த அன்னிக்கும் அடிச்சுது, மறுநாளும் அடிச்சுது. கேட்டுக்கிட்டேதான் கிடந்தேன்."

அவள் போர்வையைச் சரிசெய்தாள். சரியாக இருந்ததையே மறுபடியும் சரிசெய்தாள்.

அடுத்த வாரம் வேலைக்கு வந்ததும், பட்டியலின் அடியில் நாற்பத்து மூன்று என்று போட்டு அப்பாவின் எண்ணை எழுதினாள். மேலாளர் எட்டிப் பார்த்து, அவருக்குத்தான் நீ இருக்கிறாயே என்றார்.

"இருக்கேன்னு சொல்லிக்கிட்டிருந்தேன் சார், அவ்வளவுதான். தனியா இருக்கற பெரியவங்களை யாராவது ஒருத்தர் தினமும் கேக்கணும். மகளோ, மையமோ, கீழ் வீடோ, யாரா இருந்தாலும் சரி. கேக்காம விட்டுட்டு, நான் இருக்கேன்னு சொல்ல எனக்கு யோக்யதையே கிடையாது சார்."