நாலாக மடித்த டிக்கெட்

மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு அவள் எழுதிய நாவலில், பஸ் டிக்கெட்டை நாலாக மடிக்கும் பழக்கம்தான் உளவாளியைக் காட்டிக்கொடுக்கும். அதை வைத்து எடுத்த படத்திலோ அந்தப் பாவி ஹெலிகாப்டரில் தொங்கிக்கொண்டு ஊரையே சுட்டான். தியேட்டரை விட்டு வெளியே வரும்போது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“படம் பிரமாதம்!” என்றார் கணவர். கதை என்றாலே கொட்டாவி விடுகிறவர். அவள் புத்தகத்தைத் தொட்டதே இல்லை என்று இன்றுவரை சாதித்தவர்.

“என்ன பிரமாதம்? உளவாளின்னா இருக்கற இடமே தெரியக்கூடாது.”

“டிக்கெட் மடிக்கிறதை எடுத்துட்டாங்களே, அதுவே எனக்கு நிம்மதி. இல்லைன்னா அது நான்தான்னு ஆபீஸ்ல எல்லாரும் கண்டுபிடிச்சிருப்பாங்க.”

சொல்லிக்கொண்டே சினிமா டிக்கெட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். டிக்கெட் மடிக்கும் காட்சி புத்தகத்தின் இருநூற்றுப் பத்தாம் பக்கத்தில் மட்டும்தான் இருந்தது.

ஆள் பிடிபட்டாயிற்று. அவள் காட்டிக்கொடுக்கவில்லை.