தண்ணீர் ஏறினால் ஓடும் வண்டி

துலுக்காணத்தின் கார் பழவேற்காட்டு ஏரியில் தண்ணீர் ஏறும்போது மட்டும்தான் ஓடும். வடியத் தொடங்கினால், எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்திலேயே நின்றுவிடும். பஸ் நேரம் தெரியாதவர்களுக்குக்கூட இது தெரியும். நம்பாதவர்கள் பொன்னேரிச் சந்தையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். கடல் பொங்கும்போது முகத்துவாரம் வழியாக உப்புத் தண்ணீர் ஏரிக்குள் ஏறுவதும், கடல் தாழும்போது திரும்ப வடிவதும் ஒரு நாளைக்கு இரண்டு தடவை நடக்கிற காரியம். வண்டிக்கும் அதுதான் கணக்கு. பொன்னேரியிலிருந்து வந்த மெக்கானிக் ஒருவர் ரேடியேட்டரைத் திறந்து பார்த்தார், உள்ளே இறால் குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தன. அவர் மூடியைத் திருகிவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தப்பு கங்கம்மாளுடையது. அறுபத்தைந்தாம் வருஷம், இறால் வாங்க ஐஸ் பெட்டியோடு கம்பெனிக்காரர்கள் கரைக்கே வந்து நின்ற காலத்தில், அவள் புருஷன் துலுக்காணம் கையில் கொஞ்சம் பசை சேர்ந்தது. பெட்டி நிறைய இறாலோடு மெட்ராஸ் போகிறேன் என்று கிளம்பிய மனுஷன், வழியில் சோழவரத்தில் கார் பந்தயம் பார்க்க இறங்கினான். திரும்பி வரும்போது கூரையை மடக்கிவைக்கிற ஒரு சிவப்புக் காரில் வந்தான். பந்தயத்தில் ஓடிக் களைத்த கிழட்டு வண்டி அது, எந்த ஊரில் செய்தது என்று சொல்லும் எழுத்துகூட முகப்பிலிருந்து உதிர்ந்துபோயிருந்தது. கங்கம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். “இன்னாய்யா இது? ஊட்டுக்கு ஒழுங்கா ஒரு கூரை இல்ல, இதுக்கு மடக்குற கூரை ஒண்ணு கேக்குதா?” என்றாள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினால் போதும் என்று விற்றவன் சொல்லியனுப்பியிருந்தான். அதெப்படி, கங்கையம்மனுக்குத் தெரியாமல் வீட்டுக்கு ஒரு வாகனம் வருமா என்று கங்கம்மாள் ஒரே பிடியாகப் பிடித்தாள். புதுப் படகுக்குச் செய்கிற சடங்கு எல்லாவற்றையும் அவளே முன்னால் நின்று செய்தாள். மூக்கில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, கடைசியில் ஆண்களை விட்டுத் தள்ளச்சொல்லி முன்சக்கரம் இரண்டும் ஏரியில் நனையும்வரை இறக்கித் தண்ணீர் காட்டினாள். அந்த நேரம் ஏரியில் ஏற்றம். சக்கரத்தில் தண்ணீர் பட்டதும் வண்டி ஒரு தடவை சிலிர்த்தது. அன்றிலிருந்து அது தன்னைப் படகு என்றே நினைத்துக்கொண்டது.

படகுக்குப் பங்கு கொடுப்பது வழக்கம் என்பதால் இதற்கும் கொடுத்தார்கள். ஒவ்வொரு சவாரி முடிந்ததும் என்ஜின் பக்கத்தில் ஒரு கைப்பிடி இறால் வைத்தால் மறுநாள் இருக்காது. பூனை தின்றிருக்கும் என்றார்கள் சிலர். ஊரில் ஒரு பூனையும் அந்த வண்டிப் பக்கம் போனதில்லை. முகத்துவாரம் மணல் மூடிய வறட்சி வருஷத்தில் வண்டி மாதக்கணக்கில் தூங்கியது. ஊரார் சேர்ந்து மணலை வெட்டி வழி திறந்த அன்று ஒரு தடவை இருமிவிட்டுக் கிளம்பியது. முதலில் துலுக்காணம்தான் ஓட்டினான். பிறகு, படகில் நின்று கழி போட்டே வளர்ந்த அவர்களுடைய ஒரே மகள் ரத்னா பிடுங்கிக்கொண்டாள். அடடா, அந்தப் பெண் ஓட்டிய அழகு! பாவாடையைச் செருகிக்கொண்டு, தலை நிறையக் கனகாம்பரத்தோடு, மீன்கூடைக்காரிகளை அள்ளிப் போட்டுக்கொண்டு பொன்னேரிக்குப் பறப்பாள். பாதி வழியில் தண்ணீர் வடிந்தால் கூடைக்காரிகள் பனை நிழலில் குந்திச் சோறு தின்று, தூங்கி, வம்பு பேசி, அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருப்பார்கள். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அந்தக் கார்தான் வேண்டுமென்று அடம்பிடித்தவர்கள் தண்ணீரைக் கேட்டுக்கொண்டுதான் முகூர்த்தமே குறித்தார்கள். வண்டியை விலைக்குக் கேட்டு ஆள் வராத மாதமில்லை. கங்கம்மாள் தண்ணீர் வடியும்போது, “இந்தச் சனியன வித்துத் தொலைய்யா” என்பாள். ஏறும்போது, மகள் ஹாரனை அழுத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றால், வாயை மூடிக்கொண்டு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். விற்பதா வேண்டாமா என்கிற பேச்சு அந்த வீட்டில் ஏழு வருஷம் இப்படியே ஏறி இறங்கியது.

கல்யாணமாகிப் போயிருந்த ரத்னா எழுபத்திரண்டில் முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். ஒரு நாள் விடிந்த கொஞ்ச நேரத்தில் வலி கண்டது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, நம்மால் ஆகாது, பொன்னேரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி கன்னியம்மா கையை விரித்தாள். பஸ் போய்விட்டிருந்தது. மாட்டு வண்டி கட்டச் சொன்னாள் கங்கம்மாள். துலுக்காணம் ஏரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “தண்ணி இன்னும் ஏறிக்கினுதான் கீது, பூடலாம்” என்றான். ரத்னாவும் பல்லைக் கடித்துக்கொண்டு, “நம்ம வண்டிலயே போலாம்மா, நைனா ஓட்டட்டும்” என்றாள். சந்தையின் இரைச்சல் காதில் விழுகிற தூரத்தில் ஏரியில் தண்ணீர் திரும்பியது, வண்டி நின்றது. வயலில் இருந்தவர்கள் ஓடிவந்து தள்ளினார்கள். சேற்றில் தட்டிய படகு மாதிரி ஓர் அங்குலம் அசையவில்லை. துலுக்காணம் அதன் மூக்கில் செருப்பால் அடித்தான், பிறகு காலில் விழுவது மாதிரி விழுந்து அழுதான். யாரோ மாட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வருவதற்குள் தாயும் வயிற்றுப் பிள்ளையும் பின் சீட்டிலேயே போய்ச் சேர்ந்தார்கள். மாலையில் தண்ணீர் ஏறியபோது, சாவி போடாமலே வண்டி கிளம்பி, மூவரையும் வீட்டுக்குக் கொண்டுவந்தது. பள்ளத்தில்கூட ஒரு குலுக்கல் இல்லை. மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்த கங்கம்மாளுக்கு அந்தப் பதமான ஓட்டம்தான் பொறுக்கவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள், ஏற்றத்தின்போது ஓட்டுகிற சீட் தானாக அமுங்கியது. கனகாம்பரம் மணக்காத பூ என்பார்கள், ஆனால் அந்தச் சீட்டிலிருந்து வந்த வாசனை அதுதான் என்று தெருவே சொன்னது. வளையல் சத்தம் கேட்டது, ஸ்டியரிங் திரும்பியது. துலுக்காணம் பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டான். கரையோரமாகப் போய்விட்டு வடிவதற்குள் வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. பிறகு ஒவ்வோர் ஏற்றத்துக்கும் அப்படித்தான். நாளாக ஆக, வடியும்போதும் அவன் இறங்குவதை நிறுத்தினான். வலை மக்கியது. சோற்றைத் தள்ளிவிட்டு ரேடியேட்டர் தண்ணீரைக் குடித்தான். படகின் அடியில் ஒட்டுமே, அந்தச் சிப்பி, அவனுடைய கணுக்காலில் ஒட்டத் தொடங்கி முழங்காலுக்கு ஏறியது. கங்கம்மாள் கத்தியால் சுரண்டிவிட்டால் அடுத்த வாரம் திரும்பவும் ஒட்டியிருக்கும். ஒரு நாள் அவள் கரையில் நின்று பார்த்தாள். வண்டி முன்பு போன தடத்தில் போகவில்லை. ஏரிக்குள் சக்கரம் முங்கப் போயிற்று, அடுத்த மாதம் கதவு நனையப் போயிற்று. அது எங்கே போய் முடியும் என்று மீன்காரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வடிந்து கிடந்த ஒரு மத்தியானம், புருஷன் சீட்டிலேயே தூங்கிக்கொண்டிருக்க, கங்கம்மாள் காலியாக இருந்த ஓட்டுகிற சீட்டைப் பார்த்துப் பேசினாள். “ஏன்டி, ஒன்ன நான் வேணான்னு சொன்னனா? தினம் வா, குந்து, சிரி. அந்தாள மட்டும் உட்ருடி. எனக்கு வேற ஆரு கீறாங்க?” சீட் அசையவில்லை. வற்றத்தில் பேசினால் மகளுக்குக் கேட்காது என்பது அப்புறம்தான் உறைத்தது. ஏற்றத்தில் கேட்டால் மகள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டால் தனக்கு மனசு வராது. வண்டியை வைத்திருந்தால் புருஷன் போவான், விற்றால் மகள் இரண்டாம் தடவை போவாள். தண்ணீர் ஏறுவதற்குள் முடிவு செய்தாக வேண்டும் என்று எழுந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு போய், கும்மிடிப்பூண்டி வார்ப்பட ஆலைக்குப் பழைய இரும்பு பிடித்துக்கொடுக்கும் ஜோசப்பை வரச்சொல்லி ஆள் அனுப்பினாள்.

ஜோசப் லாரியும் சங்கிலியும் கொண்டுவந்தான். வற்றத்தில் லாரிதான் மூக்கைத் தூக்கியது, கார் எழும்பவில்லை. “யக்கா, இது தானா ஓடி வந்தாத்தான் உண்டு. நம்மால ஆவாது” என்றான். கங்கம்மாள் புருஷனை அவனுடைய வலைக்கயிற்றாலேயே வீட்டு நடுக்கம்பத்தில் கட்டினாள். அவன் திமிறவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் ஏறியதும் அவள் போய் முன் சீட்டில் உட்கார்ந்தாள். அத்தனை வருஷத்தில் அவள் முன் சீட்டில் உட்கார்வது அதுதான் முதல் தடவை. பக்கத்துச் சீட் அமுங்கியது. “கும்முடிபூண்டிக்குப் போடி” என்றாள். பொன்னேரி தாண்டும்வரை அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. “பொய் சொல்லி இட்டுகினு போவ எனக்கு வாய் வர்லடி. ஒன்ன விக்கத்தான் போறேன். உருக்கிடுவாங்க. ஒங்க நைனாவ எனக்கு உட்டுக்குடு” என்று சொல்லிவிட்டு, வண்டி ஏரிப் பக்கம் திரும்பும் என்று கதவைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டி திரும்பவில்லை. கூரை தானாக மடங்கிப் பின்னால் விழுந்தது. பெரிய ரோட்டில் ஏறியதும் சோழவரத்தில் ஓடிய நாள் ஞாபகம் வந்ததோ என்னவோ, இரண்டு பஸ்களையும் ஒரு ஜீப்பையும் ஓரங்கட்டிவிட்டுப் பறந்தது. ஜோசப்பின் லாரி கண்ணுக்கே தெரியவில்லை. கவரைப்பேட்டை ரயில் கேட்டில் நின்றவர்கள், ஓட்ட ஆளில்லாத சிவப்புக் காரில் கொண்டை அவிழ்ந்து ஒரு பொம்பளை சிரித்துக்கொண்டு போவதைப் பார்த்தார்கள். ஆமாம், சிரித்தாள். அழுகையோடு சிரித்தாள், வயிறு வலிக்கச் சிரித்தாள், பக்கத்தில் அவளைவிடப் பெரிய சிரிப்பு ஒன்று கேட்டது. ஆலை வாசலுக்கு வந்தபோது ஏற்றம் முடிய இன்னும் நேரம் இருந்தது. திரும்ப வீட்டுக்கே போய்விடலாம், அவ்வளவு நேரம். கங்கம்மாள் அதையும் யோசித்தாள். வண்டி அவளைக் கேட்கவில்லை, தானாக ஹாரன் அடித்து, கேட் திறந்ததும் உள்ளே போய், இரும்புக் குவியலின் பக்கத்தில் நின்று அணைந்தது. சீட் மெல்ல மேலே வந்தது. அவள் அதைக் கையால் தடவிவிட்டு இறங்கி, ரயிலடிக்கு நடந்தாள்.

துலுக்காணத்தின் காலில் இருந்த சிப்பி ஒரு வாரத்தில் உதிர்ந்தது. சோறு தின்றான், வலை பின்னினான், கடலுக்குப் போனான். கங்கம்மாளோடு மட்டும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் உயிர் போதும் என்றுதானே கேட்டோம், பேச்சும் வேண்டுமென்று கேட்கவில்லையே என்று அவளும் விட்டுவிட்டாள். ஆலையில் அந்த இரும்பு வற்றத்தில் கட்டியாக உறைந்து ஏற்றத்தில் மட்டும் உருகியது. அதற்கேற்ப ஷிப்டை மாற்றிக்கொண்டார்கள். அதை எடைக்கற்களாக வார்த்தார்கள். முத்திரை குத்தி ஊரூராகப் போன அந்தக் கற்களில், இரண்டு கிலோக் கல் ஒன்று பொன்னேரிச் சந்தையில், இறால் விற்க எடைக்கல் வாங்கப்போன கங்கம்மாளின் கைக்கு வந்தது. எடுத்தபோது ஈரமாக இருந்தது, நாக்கில் வைத்துப் பார்த்தாள், உப்பு. கடைக்காரன் வேறு கல் தருகிறேன் என்றான், இதுவே போதும் என்றாள்.

தண்ணீர் வடியும் நேரத்தில் அந்தக் கல் மற்ற கற்களைப் போலத்தான். ஏறும்போது அதைத் தராசில் வைத்தால் தட்டு தூக்கித் தூக்கி அடிக்கும். அப்போது கங்கம்மாள் அதை எடுத்து மடியில் போட்டு முந்தானையால் மூடிக்கொள்வாள். துணிக்கு அடியில் அது மெதுவாக அசைவது பக்கத்துக் கூடைக்காரிகளுக்குத் தெரியும். இறால் கேட்டு வருகிறவர்களிடம், “தண்ணி ஏறிக்கினு கீது, கல்லு நிக்காது. வடிஞ்சதும் போட்டுத் தரேன்” என்பாள். வேலை இருப்பவர்கள் போய்விட்டுப் பிறகு வருவார்கள். இல்லாதவர்கள் பையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்திலேயே குந்திக்கொள்வார்கள்.